குளவிக் கூட்டின் முன் ஒரு காமிரா

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நகரத்தின் ஆரவாரம் சற்றே தணிந்து மீண்டும் எழுகின்ற இடத்தில் கழக்கூட்டம் இருக்கிறது. வேணாட்டு வரலாற்றில் பயின்றவர்கள், எட்டு வீட்டுப் பிள்ளைமாருள் ஒருவரைக் கொண்டு இவ்வூரின் பெயரை அறிவார்கள். 1962-இல் தோன்றிய சைனிக் பள்ளியைக் கொண்டு அறிந்தவர்களும் உண்டு. ஆனால் 1990-இல் டெக்னோபார்க் என்னும் கணிப்பொறித் தொழில் வளாகம் இங்கே எழுந்த பிறகு, நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வேலை நிமித்தமாக வந்து வாடகை வீடுகளில் குடியிருக்கும் தமிழர்களாகிய நமக்கு, இது இரண்டாவது சொந்த ஊராகிவிட்டது. நாளெல்லாம் கணிப்பொறியின் முன் அமர்ந்திருப்பவர்கள் வாழும் ஊரிலிருந்து குளவியையும் பல்லியையும் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று நேயர்கள் வியக்கலாம். காரணம் இருக்கிறது. இன்று பிராணிகளின் நடத்தையை ஆராய்வதற்கு வேண்டிய கருவிகளில் பெரும்பாலானவை, கணிப்பொறி அறிந்தவர் வீட்டு மேசை இழுப்பறையில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள்களேயாம்.

கழக்கூட்டத்துக்கு மேற்கே, கடலோரத்தில், தும்பா என்னும் சிற்றூர் உள்ளது. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் வானில் எழுந்தது அங்கேதான். ராக்கெட்டின் பகுதிகள் சைக்கிளில் வைத்துத் தள்ளிச் செல்லப்பட்டதையும், மேரி மக்தலேனா ஆலயக் கட்டடம் விஞ்ஞானிகளுக்கு அலுவலகமாகப் பயன்பட்டதையும் படங்களில் பலரும் கண்டிருப்பார்கள். வசதியில்லை என்று காத்திராமல், இருப்பதைக் கொண்டு தொடங்கிய ஒரு மரபு இப்பகுதிக்கு உண்டு என்பதற்காக இதைச் சொன்னோம். அந்த 1963-ஆம் ஆண்டிலேயே, நிக்கோலாஸ் டின்பெர்கன் என்னும் டச்சு அறிஞர், பிராணிகளின் நடத்தையைப் பற்றி நான்கு வினாக்களை வகுத்துத் தந்தார். ஒரு பிராணி ஒரு செயலைச் செய்யும்படி அக்கணத்தில் அதனைத் தூண்டுவது யாது? அச்செயல் அதன் பிறப்பிலிருந்து எவ்வாறு வளர்ந்து வந்தது? அதனால் அப்பிராணிக்கு விளையும் பயன் என்ன? அதன் முன்னோர் வழியில் அது எவ்வாறு தோன்றிற்று? இந்நான்கும் தனித்தனி வினாக்கள். ஒன்றுக்குச் சொல்லும் விடை மற்றொன்றுக்கு விடையாகாது. டின்பெர்கனும், தேனீயின் நடனத்தைப் படித்தறிந்த கார்ல் ஃபான் ஃபிரிஷும், கான்ராட் லோரென்ஸும் 1973-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அம்மூவரும் பெரும்பாலும் கண்ணையும் பொறுமையையும் கொண்டே வேலை செய்தவர்கள்.

நம் நாட்டிலும் அப்படி ஒரு வரலாறு உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மாணவராக இருந்த ராகவேந்திர கடக்கர், அங்கே ஜன்னல்களில் கூடு கட்டிய குளவிகளைக் கவனிக்கத் தொடங்கினார். ரோபாலிடியா மார்ஜினேட்டா என்பது அக்குளவியின் விஞ்ஞானப் பெயர். தென்னிந்தியாவில் வீட்டுக் கூரையின் அடியிலும் ஜன்னல் மேற்கூரையின் அடியிலும் அது கூடு கட்டும். மர நாரைச் சுரண்டி மென்று காகிதம் போலாக்கி அறை அறையாக அமைத்த கூடு அது. மேலே உறை கிடையாது. ஆகவே உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். இதைப் போன்ற பேறு ஆராய்ச்சியாளனுக்கு வேறில்லை. குளவி ஒவ்வொன்றின் மீதும் விரைவில் உலரும் வர்ணத்தால் சிறு புள்ளி வைத்து அடையாளம் செய்துகொண்டு, காகிதமும் பென்சிலும் கடிகாரமும் கொண்டு, எது எவ்வளவு நேரம் எதைச் செய்கிறது என்று அவரும் உடனிருந்தவர்களும் எழுதி வந்தனர்.

அவ்வாறு எழுதியதிலிருந்து 1983-இல் வெளிவந்த முடிவு, உற்றுப் பார்க்காதவர் எவருக்கும் தோன்றியிராது. கூட்டிலுள்ள குளவிகள் மூன்று வகையாகப் பிரிந்தன: அமர்ந்திருப்பவை, சண்டையிடுபவை, இரை தேடிச் செல்பவை. முட்டையிடும் அரசி எந்த வகையைச் சேர்ந்தது? சண்டையிடும் வகையைச் சேர்ந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அவ்வரசி அமர்ந்திருக்கும் வகையைச் சேர்ந்தது, சாதுவானது, தன் குடிகளுள் எதனையும் விரட்டுவதில்லை. அவ்வரசியை அகற்றிவிட்டால் சிறிது நேரத்திலேயே தொழிலாளிக் குளவிகளுள் ஒன்று பெருஞ்சினம் கொண்டு மற்றவற்றைத் தாக்கத் தொடங்கும். ஒரு வாரம் அளவில் அதுவே முட்டையிட்டு அரசியாகிவிடும். பின் அதன் சினமும் அடங்கிவிடும். அடுத்த அரசி எது என்று முன்கூட்டி நம்மால் சொல்ல முடியவில்லை. ஆனால் குளவிகளுக்கு அது தெரிந்திருக்கிறது போலும் என்று 2008-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி காட்டிற்று. கூட்டை இரண்டாக வெட்டி நடுவே வலை வைத்து, அரசியை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாற்றிப் பார்த்து இதைக் கண்டறிந்தார்கள். செலவு என்று சொல்லத்தக்கது மிகவும் குறைவு. இத்தகைய ஆராய்ச்சிகளை மிகச் சிறு செலவில் செய்வது எப்படி என்பதையே பொருளாகக் கொண்டு கடக்கர் எழுதிய நூல் 2021-இல் வெளியாயிற்று.

பென்சிலே போதுமென்றால் காமிரா எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பகலில் நான்கு மணி நேரம் பார்த்தவன் இரவில் நடந்ததை எவ்வாறு அறிவான்? ஒரே நேரத்தில் முப்பது குளவிகள் அசையும்போது இரண்டு கண்கள் எதனைப் பின்தொடரும்? இவற்றினும் முக்கியமானது ஒன்று. நாம் எழுதிய குறிப்பை மற்றொருவர் ஐயுற்றால், நடந்ததை மீண்டும் நடத்திக் காட்ட முடியாது. படம் இருந்தால் அவர் தாமே பார்த்துத் தாமே எண்ணிக்கொள்ளலாம். நம் பழம் புலவர்கள் விலங்குகளையும் பறவைகளையும் கூர்ந்து நோக்கியவர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் கண்டதை எத்தனை முறை கண்டோம் என்று எண்ணி வைப்பது அவர்களுடைய வேலையாக இருந்ததில்லை. விஞ்ஞானத்தின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணமேனும் தரையைவிட்டு எழுகின்றனவா என்ற வழக்கு, 1878-இல் அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாகக் காமிராக்களை நிறுத்திப் படம் பிடித்த பிறகே தீர்ந்தது. எழத்தான் எழுகின்றன, ஆனால் ஓவியர்கள் தீட்டி வந்தது போல் கால்களை முன்னும் பின்னும் நீட்டிய நிலையில் அன்று, அடிவயிற்றின் கீழ் மடக்கிய நிலையில். 1882-இல் மாரே என்னும் பிரெஞ்சுக்காரர், துப்பாக்கி வடிவில் ஒரு காமிரா செய்து, பறவை பறப்பதை ஒரு விநாடியில் பன்னிரண்டு படங்களாக எடுத்தார். தமிழரான மா. கிருஷ்ணனையும் இவ்விடத்தில் நினைக்க வேண்டும். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் புதல்வர், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர், காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்தவர். கடையில் கிடைத்த காமிரா தமக்குப் பொருந்தாதபோது, வெவ்வேறு காமிராக்களின் பகுதிகளை இணைத்துத் தாமே ஒன்றை அமைத்துக்கொண்டு, அதற்கு வேடிக்கையாக ஒரு பெயரும் சூட்டியிருந்தார். வேண்டிய கருவியைத் தானே இணைத்துக்கொள்ளும் மனப்பான்மை புதியதன்று என்பது இதனால் விளங்கும்.

எனினும் அக்காலத்தில் அசையும் படம் எடுப்பது செல்வர்களுக்கே இயன்றது. பதினாறு மில்லிமீட்டர் ஃபிலிம் நூறு அடி நீளம் வாங்கினால், அதில் 4000 படங்கள் அடங்கும். விநாடிக்கு 24 வீதம் எடுத்தால் மூன்று நிமிடம் முடிவதற்குள் சுருள் தீர்ந்துவிடும். பிறகு கழுவ வேண்டும், அச்சிட வேண்டும், திரையிட வேண்டும். குளவிக் கூட்டை ஒரு பகல் முழுதும் படம் எடுக்க எவ்வளவு ஃபிலிம் வேண்டியிருக்கும் என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். நிலைமை மாறியது மிக அண்மையில்தான். 2012-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து ராஸ்ப்பெரி பை என்னும் சிறு கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரே பலகை. விலை 35 டாலர். பள்ளிப் பிள்ளைகள் கணிப்பொறிக் கலையைப் பயிலட்டும் என்பதே அதனைச் செய்தவர்களின் நோக்கம். கேரள அரசும் 2015-ஆம் ஆண்டு வாக்கில் அதனைப் பள்ளி மாணவர் பலருக்கு வழங்கியது. 2013-இல் அதற்கென்று ஒரு தபால் தலையளவான காமிரா வந்தது. அவ்விரண்டையும் இணைத்துப் பிராணிகளைப் படம் பிடிக்கலாம் என்று உலகெங்கும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் உடனே கண்டுகொண்டார்கள். மீன், ஈ, எலி, பறவைக் கூடு என்று எதன் முன்னும் இப்போது இக்கருவியைக் காணலாம்.

அதுவும் இல்லாதவர்களுக்குப் பழைய கைப்பேசி இருக்கிறது. திரை விரிசல் விட்டதென்று ஒதுக்கிய கைப்பேசியின் காமிரா, பல்லியைப் படம் பிடிப்பதற்குத் தாராளமாகப் போதும். ஆராய்ச்சிக்கென்று விலையுயர்ந்த காமிராவை முதலிலேயே வாங்குவதை நாம் பரிந்துரைப்பதில்லை. விலை கொடுத்து வாங்கிய கருவி, கேள்வியை முந்திக்கொண்டுவிடும். எதைப் படம் எடுக்க முடியும் என்று யோசிப்போமேயன்றி, எதை அறிய வேண்டும் என்று யோசிக்க மாட்டோம்.

இனிச் சில கணக்குகள். சாதாரணக் காமிரா விநாடிக்கு 25 அல்லது 30 படங்கள் எடுக்கிறது. தேனீயோ விநாடிக்கு ஏறக்குறைய 230 முறை சிறகடிக்கிறது. ஆகவே சிறகின் அசைவை இதில் காண முடியாது. வெறும் மங்கலாகவே தெரியும். ஆனால் தேனீ கூட்டுக்குள் எப்போது நுழைந்தது, எப்போது வெளியேறியது என்பதை அறிய 30 படங்களே மிகை. குளவி ஒன்று மற்றொன்றைக் கடிப்பதையும், பல்லி ஒன்று விட்டிலைக் கவ்வுவதையும் அதிலேயே காணலாம். எந்த அசைவை அறிய வேண்டுமோ, அது நிகழும் நேரத்தில் சில படங்களேனும் விழுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் எடுப்பது சேமிப்பை வீணாக்குவதாகும். விநாடிக்கு 20 இலட்சம் பிட்டு என்ற அளவில் படத்தைச் சுருக்கிப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 900 மெகாபைட்டு ஆகும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 22 ஜிகாபைட்டு. விரல் நகமளவு சேமிப்புத் தகடு ஒன்று மூன்று நான்கு நாட்களில் நிறைந்துவிடும். முப்பது நாள் எடுத்துவிட்டு அவற்றைப் பார்க்க முப்பது நாள் வேண்டுமே என்று பிறகு மலைப்பதைவிட, முன்னமே எண்ணிக்கொள்வது நலம்.

இரவுப் படத்துக்கு ஒளி வேண்டும். ஆனால் ஒளி பட்டால் பிராணியின் நடத்தை மாறும். இதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. காமிராவின் சிலிக்கான் தகடு, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் உணரும். சாதாரணக் காமிராவில் அதனைத் தடுக்க ஒரு வடிகண்ணாடி வைத்திருப்பார்கள். அது இல்லாத காமிராவை வாங்கிக்கொண்டு, அகச்சிவப்பு விளக்கொன்றை ஏற்றிவிட்டால், நமக்கு இருட்டாக இருக்கும் அறை காமிராவுக்குப் பட்டப்பகலாகத் தெரியும். 850 நானோமீட்டர் விளக்கில் மங்கிய சிவப்புப் பொறி ஒன்று கண்ணுக்குத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கில் அதுவும் தெரியாது, ஆனால் காமிராவின் உணர்ச்சியும் அங்கே குறையும். தேனீக்குச் சிவப்பே தெரியாது என்பதை ஃபான் ஃபிரிஷ் முன்பே காட்டியிருக்கிறார். ஆகவே தேன்கூட்டுக்கு இவ்விளக்கு எதுவும் இடையூறு செய்யாது.

கடிகாரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ராஸ்ப்பெரி பையின் பழைய வகைகளில் தனிக் கடிகாரம் கிடையாது. இணையத்தைக் கேட்டே நேரத்தை அறியும். இணையமில்லாத இடத்தில் மின்சாரம் தடைப்பட்டு மீண்டால், அது பழைய நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். படமெல்லாம் நன்றாகவே இருக்கும்; எப்போது நடந்தது என்பது மட்டும் பொய்யாகிவிடும். நடத்தை ஆராய்ச்சியில் நேரம் பொய்யானால் மிச்சமிருப்பது வெறும் பொழுதுபோக்குத்தான். பொத்தான் அளவான மின்கலத்தோடு கூடிய கடிகாரப் பலகை ஒன்று சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதனை இணைத்துவிட வேண்டும். அல்லது, சுவரில் மாட்டிய ஒரு கடிகாரம் படத்தின் ஓரத்தில் விழுமாறு வைத்துவிட்டால் அதுவும் போதும். இரண்டாவது வழியே நமக்கு அதிகம் பிடித்தது. அது கெட்டுப்போனால் கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியும்.

கழக்கூட்டத்தில் மழை ஆண்டில் இரு பருவங்களிலும் பெய்கிறது. தென்மேற்குப் பருவம் ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்குப் பருவம் வந்துவிடும். வெளியே வைக்கும் கருவியைப் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவில் அடைத்து, கண்ணாடிக்கு மட்டும் துளை செய்து, உள்ளே ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டணம் ஒன்றைப் போட்டுவைக்க வேண்டும். இல்லையேல் இரண்டே நாளில் காமிராக் கண்ணாடியில் உள்ளிருந்து மூடுபனி படரும். கம்பி நுழையும் துளையை மெழுகாலோ பசையாலோ அடைக்காவிட்டால் எறும்பு குடியேறும். எறும்பின் நடத்தையை ஆராய்வதும் நல்லதுதான். ஆனால் காமிராவின் உள்ளே அன்று.

இவ்வளவும் எளிய பகுதி. கடினமான பகுதி இனிமேல்தான். சேமிப்பு விரைவில் நிறைந்துவிடுகிறது என்பதனால், பெரும்பாலோர் ஒரு சூழ்ச்சியைக் கையாள்கிறார்கள். படத்தில் ஏதேனும் அசைந்தால் மட்டும் பதிவு செய். அசையாவிட்டால் விட்டுவிடு என்று கருவிக்குக் கட்டளையிடுகிறார்கள். பறவை கூட்டுக்கு வந்துபோவதை அறிய இது நல்ல வழி. ஆனால் மேலே சொன்ன குளவிக் கூட்டின் முன் இக்கருவியை வைத்தால் என்ன ஆகும்? சண்டையிடுபவை பதிவாகும், இரை தேடிப் போய்வருபவை பதிவாகும். அமர்ந்திருப்பவை பதிவாகா. அமர்ந்திருப்பவற்றுள் ஒன்று அரசி! கூட்டின் தலைவியையே விட்டுவிட்டு, அவளுடைய குடிகளின் சச்சரவை மட்டும் திரட்டிக்கொண்டு, சண்டையே குளவியின் வாழ்க்கை என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். பென்சில் பிடித்தவருக்கு இந்த ஆபத்து இல்லை. அவர் குறித்த நேரம் வந்ததும், அசைந்தாலும் அசையாவிட்டாலும், கூட்டிலுள்ள ஒவ்வொரு குளவியையும் பார்த்து எழுதினார்.

கண்ணில் பட்டதை மட்டும் எழுதினால் ஆரவாரமான செயல்களே குறிப்பில் மிகும் என்பதை ஜீன் ஆல்ட்மன் என்னும் அம்மையார் 1974-இல் ஒரு கட்டுரையில் தெளிவாக எடுத்துரைத்தார். பபூன் குரங்குகளை ஆராய்ந்தவர் அவர். ஒரே பிராணியைக் குறித்த நேரம் வரை விடாமல் பின்தொடர்வது ஒரு முறை. குறித்த இடைவெளிகளில் எல்லாப் பிராணிகளையும் ஒருமுறை பார்வையிட்டு, அக்கணத்தில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று எழுதுவது மற்றொரு முறை. இரண்டாவது முறையைக் காமிரா மிக நேர்மையாகச் செய்யும். நிமிடத்துக்கு ஒரு படம் என்று வைத்தால் நாளொன்றுக்கு 1440 படங்கள். சேமிப்பும் மிகாது, அமர்ந்திருப்பவையும் தப்பா. இடையிடையே பத்து நிமிடம் தொடர்ச்சியாகவும் எடுத்துக்கொண்டால் சண்டைகளும் கிடைத்துவிடும். கருவி பழையதாயினும் முறை சரியாயிருந்தால் ஆராய்ச்சி நிற்கும். முறை தவறினால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் அதைத் தாங்காது.

எடுத்த படத்தைப் பார்த்துக் குறிக்க உதவும் மென்பொருள்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. இத்தாலியின் டூரின் பல்கலைக் கழகத்தில் உருவான போரிஸ் என்பது அவற்றுள் ஒன்று. படம் ஓடும்போது ஒரு விசையைத் தட்டினால் செயலும் நேரமும் பதிவாகும். 2018-இல் வெளியான டீப்லாப்கட், சில நூறு படங்களில் நாம் குறித்துக்காட்டிய மூக்கையும் வாலையும் கற்றுக்கொண்டு, மற்றப் படங்களில் தானே குறித்துக்கொண்டு போகும். இவற்றில் பழக டெக்னோபார்க்கில் பணிபுரியும் நம்மவர்களுக்கு ஒரு வாரம்கூட ஆகாது. ஆனால் அவை தரும் எண்களை அப்படியே நம்பாமல், பத்தில் ஒரு பங்கையாவது கண்ணால் சரிபார்க்க வேண்டும். இரண்டு பல்லிகள் குறுக்கிடும்போது எது எதுவென்று கணிப்பொறி மாற்றிக்கொள்வது உண்டு.

கழக்கூட்டத்துக்கு அண்மையில் ஸ்ரீகாரியத்தில் உள்ள பொறியியற் கல்லூரி வளாகத்திலேதான், 2008-இல், திருவனந்தபுரம் இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் தன் வேலையைத் தொடங்கிற்று. பின்னர் பொன்முடி மலையடிவாரத்தில் விதுரையில் சொந்த இடத்துக்குச் சென்றது. அங்கே பேராசிரியராயுள்ள ஹேமா சோமநாதன், அதற்கு முன்னர் மகாராட்டிரத்தின் பீமாசங்கர் காட்டில், இரவில் பறக்கும் தச்சு வண்டு ஒன்றை ஆராய்ந்தார். வண்டு என்று நாம் வழங்கினாலும் அது தேனீயின் இனமே. பட்ட மரத்தில் துளையிட்டு வாழும் அது, நிலவற்ற இரவிலும் இரை தேடிப் பறக்கிறது. விண்மீன்களின் ஒளியிலேயே நிறத்தை வேறுபடுத்தி அறிந்து தன் கூட்டை அடைகிறது என்பதை அவரும் உடனுழைத்தவர்களும் 2008-இல் வெளியிட்டனர். மனிதர்களாகிய நம்மால் அந்த ஒளியில் நிறம் காண இயலாது. அவ்வண்டின் விஞ்ஞானப் பெயர் சைலோகோப்பா டிராங்குபாரிகா. டிராங்குபார் என்பது நம் தரங்கம்பாடியேயன்றி வேறன்று. டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டி வாழ்ந்த காலத்தை ஒட்டி, 1804-இல் ஃபாப்ரீசியஸ் என்பவர் இப்பெயரை வைத்தார். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு சஹ்யாத்திரிக் காட்டில் இரவெல்லாம் பறக்கும் ஒரு வண்டை, வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களாகிய நாம் சற்றுப் பரிவோடு நினைப்பதில் தவறில்லை.

காமிராவைக் கொண்டு பிராணிகளை நோக்குவது வெறும் அறிவு வேட்கைக்காக மட்டும் அன்று என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு, கேரளத்துக்கு வரும் தமிழர்கள் பலர் கடக்கும் பாதையிலேயே உள்ளது. கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் இடையே மதுக்கரை, வாளையார் வழியாகச் செல்லும் இருப்புப் பாதை யானைகளின் வழித்தடத்தை அறுத்துக்கொண்டு போகிறது. 2021-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவில் மங்களூரிலிருந்து சென்னை சென்ற விரைவு வண்டி மோதி, மதுக்கரைக்கு அருகே மூன்று யானைகள் மாண்டன. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை அங்கே 12 கோபுரங்களை நிறுத்தி, வெப்பத்தை உணரும் காமிராக்களையும் சாதாரணக் காமிராக்களையும் பொருத்தி, யானை பாதையை நெருங்கும்போதே கணிப்பொறி அறிந்து எச்சரிக்கை அனுப்புமாறு செய்தது. செலவு ஏறத்தாழ 7 கோடி ரூபாய். இது எளிய செலவன்று. உயிர்களைக் காக்க வேண்டிய இடத்தில் எளிய செலவை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் அங்கே வேலை செய்யும் கருத்து, சாப்பாட்டு டப்பாக் காமிராவில் உள்ள கருத்தேதான். யானை எந்த நேரத்தில், எந்த வழியில், குட்டியோடு வருகிறதா தனியே வருகிறதா என்று பொறுமையாகப் பார்த்து வைத்த அறிவு இல்லாவிட்டால், கோபுரத்தை எங்கே நிறுத்துவது என்பதே தெரியாது.

காட்டில் காமிரா வைக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். வீட்டருகேயானாலும் பறவைக் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுதலுக்குள் அடக்கிச் சொல்கிறது. கூட்டின் அருகே கருவியை வைத்ததும் தாய்ப் பறவை திரும்பி வரவில்லையென்றால், உடனே அகற்றிவிட வேண்டும். ஒரு படத்துக்காகக் குஞ்சுகளைப் பலி கொடுக்கும் உரிமை யாருக்கும் இல்லை. மற்றொன்றையும் கூச்சமின்றிச் சொல்லிவிடுகிறோம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வைக்கும் காமிராவின் பார்வை அயலார் ஜன்னலிலோ வாசலிலோ விழக் கூடாது. ஒலியையும் பதிய வேண்டா. மொழி தெரியாத ஊரில் குடியிருக்கும் நம்மைப் பற்றி அக்கம்பக்கத்தார்க்கு ஐயம் எழுவது எளிது. என்ன செய்கிறோம் என்பதை முன்னதாகவே சொல்லிவிட்டால், பெரும்பாலும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே முதலில் வந்து நிற்பார்கள்.

குளவிக் கூட்டின் அருகே செல்ல அஞ்சுபவர்களுக்குப் பல்லி இருக்கிறது. அது கொட்டாது, வாடகையும் கேட்பதில்லை. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் நூல்கள் நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. எந்தத் திசையிலிருந்து சொன்னால் என்ன நேரும் என்று அவை விரித்துரைக்கும். பல்லி எதற்காகச் சொல்கிறது என்று பல்லியையே கேட்டவர்கள் மிகச் சிலர். தென்னாட்டு வீடுகளில் காணப்படும் பல்லியினத்தை ஆராய்ந்தவர்கள், அதன் தொடர்ந்த ஒலி பெரும்பாலும் ஆண் பல்லிகள் தம் எல்லையை அறிவிப்பதோடு தொடர்புடையது என்று 1970-களிலேயே கண்டார்கள். விளக்கடியில் எந்தப் பல்லி எந்த இடத்தைப் பிடிக்கிறது, பெரியது வந்தால் சிறியது எவ்வளவு தூரம் விலகுகிறது, பூச்சி மிகுந்த மழை நாளில் சண்டை கூடுகிறதா குறைகிறதா என்பதெல்லாம் ஒரு கைப்பேசிக்குள் அடங்கும் வினாக்களே.

இதில் பல மாநிலங்களில் பரந்து வாழும் தமிழர்களுக்குத் தனி வாய்ப்பு ஒன்று இருக்கிறது. தில்லி வீட்டுச் சுவரில் ஓடுவது பெரும்பாலும் வேறோர் இனம். உடல் பருத்து மஞ்சள் கலந்த பச்சை நிறம் கொண்டது. குளிர் காலத்தில் அது வெளியே தலைகாட்டுவது அரிது. கழக்கூட்டத்துப் பல்லிக்கோ விடுமுறையே இல்லை. தில்லியிலும் பெங்களூரிலும் மும்பையிலும் கழக்கூட்டத்திலும் உள்ள நான்கு குடும்பத்தார் ஒரே முறையில், ஒரே நேரத்தில், ஓராண்டு பார்த்து எழுதினால், ஓரிடத்தில் அமர்ந்திருக்கும் எந்தப் பேராசிரியராலும் எளிதில் திரட்ட முடியாத செய்தி திரண்டுவிடும். மின்விளக்குகள் இரவைப் பகலாக்கிவரும் நகரங்களில் இச்சிறு பிராணிகளின் பழக்கங்கள் மாறுகின்றனவா என்பதற்கு, இன்றைய நிலையைப் பதிந்து வைத்திருந்தால்தான் பத்தாண்டு கழித்து விடை சொல்ல முடியும்.

முறை இதுதான். வரவேற்பறையிலோ தாழ்வாரத்திலோ விளக்கு எரியும் ஒரு சுவரைத் தேர்ந்துகொள்க. இரவு 7 மணி முதல் 10 மணி வரை, நிமிடத்துக்கு ஒரு படம் வீதம், வாரத்துக்கு இரு நாள் எடுக்க. சுவரில் ஒரு கடிகாரமும், ஓர் அடி நீளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு ஒன்றும் படத்தில் விழட்டும். கோடு இருந்தால் தூரத்தை அளக்கலாம். அன்றன்றே நோட்டுப் புத்தகத்தில் பல்லிகளின் எண்ணிக்கை, விளக்கிலிருந்து ஒவ்வொன்றும் இருந்த தூரம், மழை பெய்ததா இல்லையா என்ற மூன்றையும் எழுதுக. பல்லியே வராத இரவுக்கும் சைபர் என்று எழுத வேண்டும். அதனை விட்டுவிடக் கூடாது. பிள்ளைகள் வீட்டில் இருந்தால் எண்ணும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிடலாம். இருவர் தனித்தனியே எண்ணி, எண்கள் மாறுபட்டால் படத்தை மறுபடியும் போட்டுப் பார்க்கட்டும்.